நாலு பேர், இரண்டு நிமிடம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கோ.

என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி இப்போது ஊரில் உயர்தர வகுப்புக்குத் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிப்பிக்கிறாள். போன கிழமை மெசெஞ்சரில் எழுதியிருந்தாள். "ரீச்சர், பிள்ளைகளை நாலு நாலு பேராய்ப் பிரிச்சு, ஒரு த்ரில்லர் படத்தின்ர தொடக்கம் மட்டும் எடுங்கோ எண்டு குடுத்தனான். இரண்டு கிழமையா ஒரே சண்டை. கமராவைத் தொட முதலே இரண்டு குழு உடைஞ்சு போச்சு. உங்கட பேத்தியும் லண்டனில இப்பிடி ஒண்டு செய்தவள் எண்டு முந்திச் சொன்னீங்கள். எப்பிடிச் செய்தவை எண்டு எழுதுவீங்களோ?"

அவளுக்கு மட்டும் எழுதத் தொடங்கினேன். உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள், பலர் பதினாறு வயதுப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார். ஆகவே எல்லாருக்குமாகப் போடுகிறேன்.

2014ஆம் ஆண்டு இலையுதிர் காலம். பேத்திக்குப் பதினாறு வயது. இங்கே அந்த நாளில் ஓ.சி.ஆர். என்ற பரீட்சைச் சபையின் ஏ.எஸ். மீடியா ஸ்டடீஸ் பாடத்தில் ஒரு செயற்றிட்டம் இருந்தது. இல்லாத ஒரு படத்துக்குத் தொடக்கக் காட்சியும் எழுத்தோட்டமும் எடுக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு குழுவில் ஆகக் கூடியது நாலு பேர். மொத்தம் 100 புள்ளி. அதில் 20 ஆராய்ச்சிக்கும் திட்டமிடலுக்கும், 60 எடுத்த படத்துக்கும், 20 பிறகு எழுதும் மதிப்பீட்டுக்கும். படமும் ஒலியும் பிள்ளைகளே உருவாக்கியதாக இருக்க வேண்டும். உரிமைச் சிக்கல் இல்லாத இசையையும் ஒலிகளையும் மட்டும் வெளியிலிருந்து எடுக்கலாம். இளையராஜாவின் பின்னணி இசையைத் தூக்கிப் போடுகிற வேலை நடக்காது.

அதற்கு முதல் சின்னப் பயிற்சி ஒன்று. ஒருவர் கதவைத் திறந்து, அறையைக் கடந்து, இன்னொருவருக்கு எதிரே கதிரையில் இருந்து, இரண்டு வார்த்தை கதைக்க வேண்டும். அவ்வளவுதான். "இதென்ன பெரிய வித்தை?" என்று நினைத்தேன். பிள்ளைகள் எடுத்து வந்ததைப் பார்த்தபோது, ஒருத்தி வலக்கையால் கதவைத் திறந்து இடக்கையோடு உள்ளே வருகிறாள். எதிரெதிரே இருந்த இரண்டு பேரும் ஒரே பக்கத்தைப் பார்த்துக் கதைக்கிறார்கள், பஸ்ஸில் முன் சீற்றும் பின் சீற்றும் போல. 180 பாகை விதி என்று ஒன்று இருக்கிறதாம். விறாந்தையில் இரண்டு பேர் எதிரெதிரே இருந்து கதைக்கிறார்கள் என்று வையுங்கோ. இவர் மூக்கிலிருந்து அவர் மூக்குக்கு ஒரு கொடிக்கயிறு கட்டியிருப்பதாக நினைக்க வேண்டும். கமரா அந்தக் கயிற்றுக்கு ஒரு பக்கத்திலேயே நிற்க வேண்டும். தாண்டினால் பார்ப்பவருக்குத் திசை குழம்பிவிடும். பிள்ளை, உன்னுடைய வகுப்பிலும் இந்தக் கதவுப் பயிற்சியை முதலில் செய்வி. சண்டை பிடிக்க நேரமிராது, சிரிப்புத்தான் வரும்.

பேத்தியின் குழுவில் நாலு பேர். பேத்தி, ஒரு போலந்துப் பிள்ளை, ஒரு ஆங்கிலேயப் பெடியன், சோமாலியத் தாய் தகப்பனுக்கு இங்கேயே பிறந்த பெடியன் ஒருவன். பெயர்கள் வேண்டாம். சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டில்தான் கூடுவார்கள். காரணம் வேறொன்றுமில்லை, மரக்கறி றோல்ஸ். நான் நாலு தட்டு எடுத்து வைப்பேன். (ஊரில் நாங்கள் கோப்பை என்போம். இந்தியாவில் இருந்து வாசிக்கிற சொந்தங்கள் அதில் தேத்தண்ணி ஊற்றிவிடுவார்கள் என்பதால் தட்டு என்றே எழுதுகிறேன்.)

முதற் சனிக்கிழமையே கதை தயார். காடு, இரவு, ஒரு பெண் ஓடுகிறாள். பின்னால் ஹுடி போட்டு முகத்தை மூடிய ஒருவன், கையில் கத்தி. அவள் விழுகிறாள், திரை கறுக்கிறது, படத்தின் பெயர் வருகிறது. "நல்லா இருக்கோ அம்மம்மா?" என்று பேத்தி கேட்டாள். முந்தைய வருஷத்துப் பிள்ளைகள் எடுத்தவற்றை மடிக்கணினியில் போட்டுக் காட்டச் சொன்னேன். ஆறு படம் பார்த்தோம். நாலில் காடு, ஐந்தில் ஹுடி. ஓடுகிற பெண் ஒவ்வொருத்தியும் திரும்பிப் பார்த்து விழுகிறாள். மரவேர் ஏன் எப்போதும் கதாநாயகியின் காலை மட்டும் தேடுகிறதோ தெரியாது.

கத்திக்குப் பாடசாலை ஆசிரியரே தடை போட்டுவிட்டார். பிரித்தானியாவில் தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் கத்தி கொண்டு திரிவது குற்றம். உண்மை போலத் தெரியும் விளையாட்டுத் துப்பாக்கிக்கும் சட்டம் இருக்கிறது. படம் எடுக்கிறோம் என்பது தூரத்தில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஆகவே எங்கே எடுக்கிறோம், என்ன ஆபத்து வரலாம், அதற்கு என்ன ஏற்பாடு என்று ஒரு பத்திரம் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கமராவைக் கொடுப்பார்கள். ஊரிலும் இதைச் செய்யலாம். றோட்டில் எடுக்கும்போது வாகனத்தைப் பார்க்க ஒருவரைத் தனியாக நிறுத்துவதற்கு என்ன செலவு?

கத்தி போனது, ஹுடி போகவில்லை. "யார் அதைப் போடுறது?" என்று கேள்வி வந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் மூன்று பேரின் கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. அந்தப் பெடியன் நெடுவல், கறுவல். அவன் றோல்ஸை மென்றுகொண்டே, "சரி, பார்ப்பம்" என்ற மாதிரி ஏதோ சொன்னான். மற்றவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு அந்தப் பார்வை தெரியும். நான் படித்த காலத்தில், 1960களில், பாடசாலை நாடகத்துக்கு ஆள் எடுக்கும்போது சீதைக்கு யார் என்று பெரிய ஆலோசனை நடக்கும். சூர்ப்பனகைக்கு ஆலோசனையே இல்லை. "கறுப்பியைக் கூப்பிடுங்கோ" என்பார்கள். கறுப்பி நான். மூன்று வருஷம் தொடர்ந்து அரக்கி. கைதட்டல் வாங்கியது உண்மை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பால் ஆடை கேட்டு முகத்தில் பூசியதும் உண்மை. பிறகு நான் ஆசிரியையாகி 31 வருஷம் தமிழ்த்தினப் போட்டிக்கு நாடகம் பழக்கியபோது, பாத்திரங்களைத் துண்டில் எழுதிக் குலுக்கிப் போட்டது ஏன் என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். காரணம் இதுதான். என்னிடம் வெள்ளைச் சூர்ப்பனகைகளும் கறுப்புச் சீதைகளும் இருந்தார்கள். ஒரு வருஷம் மாகாணத்தில் முதலிடமும் வந்தோம்.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. குறுஞ்செய்தியும் இல்லை. மூன்று பேரும் அரை மணித்தியாலம் காத்திருந்துவிட்டுத் தொடங்கினார்கள். "அவன் வேலை செய்யாட்டி எங்கட மார்க்கும் போகும், ரீச்சரிட்டச் சொல்லி ஆளை மாத்துவம்" என்று ஆங்கிலேயப் பெடியன் தன் பாஷையில் சொன்னான். நான் வழமைபோல நாலு தட்டு வைத்திருந்தேன். ஒன்றை எடுத்துத் துடைத்து அலுமாரிக்குள் வைத்தேன். ஒன்றும் யோசித்துச் செய்ததில்லை, மேசையில் இடம் வேண்டும். பேத்தி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதன் பிறகு அவள் சரியாகக் கதைக்கவில்லை.

அன்றிரவு அவள் அவனுக்குப் போன் எடுத்துக் கதைத்தது ஒரு மணித்தியாலத்துக்கு மேல். பிறகு என் கட்டிலில் வந்து இருந்து சொன்னாள். பாடசாலையால் வரும் வழியில் அவனை இரண்டு முறை பொலிஸ் மறித்துப் புத்தகப் பையைச் சோதித்திருக்கிறது. தாய் அவனுக்கு ஹுடி வாங்கிக் கொடுப்பதே இல்லையாம். வெளியே போகும்போது தொப்பி போடாதே, ஓடாதே, பஸ் போனாலும் ஓடாதே என்பாவாம். "நாங்கள் அவனைக் காட்டுக்குள்ள ஓடச் சொன்னனாங்கள் அம்மம்மா." அவள் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். மேசையிலிருந்து எடுத்த தட்டைப் பற்றியும் சொல்லியிருக்கிறாள். நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை அவன் வந்தான், கையில் பென்சிலால் கீறிய எட்டுத் தாளோடு. மேசையில் பரப்பினான். காடு இல்லை, ஓட்டம் இல்லை, ஹுடி இல்லை. ஒரு குசினி. வயதான ஒரு பெண்ணின் கைகள், முகம் கடைசி வரை இல்லை. அந்தக் கைகள் சுவரில் தொங்கும் குடும்பப் படத்தைத் துடைக்கின்றன. படத்தில் ஐந்து பேர். துணி நாலு முகத்தைத் துடைத்து ஐந்தாவதைத் தொடாமல் விடுகிறது. அடுத்து பஸ் தரிப்பிடம். மங்கல் வெளிச்சத்தில் அந்த ஐந்தாவது முகம் பஸ்ஸால் இறங்குகிறது. திரும்பவும் குசினி. மேசையில் ஐந்து தட்டு. போன் அடிக்கிறது. கை எடுக்கிறது, கேட்கிறது, வைக்கிறது. பிறகு ஒரு தட்டை எடுத்துத் துடைத்து அலுமாரிக்குள் வைக்கிறது. பிள்ளை படலையைத் திறக்கிறாள், சிரித்துக்கொண்டு. கதவுத் திறப்பு சுழல்கிறது. திரை கறுப்பு, படத்தின் பெயர்.

ஒருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. போலந்துப் பிள்ளைதான் முதலில், "கை யாருடையது?" என்று கேட்டாள். நாலு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெடியன் மட்டும் பார்த்ததோடு நிற்காமல், "உங்களுக்கு விருப்பமென்றால் மட்டும்" என்று சொன்னான். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் அரக்கி வேஷம். இந்த முறை கேட்டுக் கொடுத்தார்கள். ஓம் என்றேன்.

இனித் திட்டமிடலுக்கு வருகிறேன். என் மாணவி கேட்டது இதைத்தான்.

ஹிட்ச்கொக் த்ருஃபோவுக்குக் கொடுத்த நீண்ட நேர்காணல் 1966இல் புத்தகமாக வந்தது. அதில் மேசைக்கடியில் இருக்கும் குண்டைப் பற்றி ஓர் இடம் உண்டு. இரண்டு பேர் சும்மா கதைத்துக்கொண்டிருக்க, குண்டு திடீரென்று வெடித்தால் பார்ப்பவருக்குச் சில விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதைப் பார்ப்பவருக்கு முதலே காட்டிவிட்டு, அந்த இரண்டு பேரையும் அதே வெட்டிக் கதையைக் கதைக்க விட்டால், கால் மணித்தியாலம் நெஞ்சு படபடக்கும். தட்டுத்தான் இவர்களின் குண்டு. பிள்ளைக்குத் தெரியாதது பார்ப்பவருக்குத் தெரியும்.

நான் என் பங்குக்கு 1954இல் வந்த 'அந்த நாள்' படத்தின் முதல் காட்சியைப் போட்டுக் காட்டினேன். எஸ். பாலசந்தர் எடுத்தது, பாட்டே இல்லாத தமிழ்ப் படம். சிவாஜி தொடக்கத்திலேயே சுடப்பட்டு விழுவார். சுட்டது யார் என்பதுதான் மிச்சப் படம் முழுக்க. தமிழ் தெரியாத மூன்று பேரும் ஒரு சொல் விளங்காமலே நிமிர்ந்து இருந்தார்கள். இதை ஒரு சோதனையாகவே வைத்துக்கொள்ளலாம். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார், கதை நிற்கிறதா என்று.

வேலையை எப்படிப் பிரித்தார்கள்? முதலில் "எல்லாரும் எல்லாம் செய்வம்" என்றிருந்தார்கள். கேட்க நல்லாயிருக்கும், வேலைக்கு உதவாது. பிறகு ஒவ்வொரு வேலைக்கும் ஒருவர், அந்த வேலையில் கடைசிச் சொல் அவருடையது என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினார்கள். சோமாலியப் பெடியன் கமரா, போலந்துப் பிள்ளை ஒலியும் நேர அட்டவணையும், ஆங்கிலேயப் பெடியன் வெட்டி ஒட்டுவதும் எழுத்தோட்டமும், பேத்தி நடிப்பும் பொருள்களும். வட்ஸ்அப்பில் முடிவெடுப்பதில்லை என்றும் ஒரு வரி. அங்கே எடுத்த முடிவு இரண்டு மணித்தியாலத்தில் நூறு சிரிப்புப் பொம்மைக்குக் கீழே புதைந்து போகும். பிறகு "நான் அப்பிடிச் சொல்லேல்ல" என்று ஒருவர் நிற்பார்.

எட்டுத் தாள் 31 சட்டமாக விரிந்தது. ஒவ்வொன்றையும் சின்ன மஞ்சள் ஒட்டுத்தாளில் கீறி, சாப்பாட்டு மேசை முழுக்க ஒட்டி, இடம் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பிறகு அவற்றைப் போனில் படம் எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி என்று போட்டு, கீறிய படங்களையே ஒரு வீடியோவாக ஓட்டினார்கள். இரண்டு நிமிடம் 50 விநாடி வந்தது! கமராவைத் தொட முதலே 50 விநாடி கழிக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. எடுத்த பிறகு வெட்டினால் வயிறு எரியும், தாளில் வெட்டினால் எரியாது. போன் காட்சியில் கை எண்களை அமர்த்துவது போனது. குடும்பப் படம் இரண்டு முறை வந்தது, ஒரு முறையானது.

எழுத்தோட்டத்தை எல்லாரும் கடைசியில் நினைப்பார்கள். பெயர் பத்து வரும். ஒவ்வொன்றும் வாசித்து முடிய இரண்டு மூன்று விநாடி வேண்டும். அரை நிமிடம் போச்சுது! அதுவும் முகத்துக்கு மேல் எழுத்து ஓடினால் முகமும் இல்லை, எழுத்தும் இல்லை. ஆகவே எந்தச் சட்டத்தில் எந்தப் பெயர், அதற்கு இடது பக்கமா வலது பக்கமா வெற்றிடம் விடுவது என்று ஸ்டோரிபோர்டிலேயே கட்டம் போட்டார்கள். இயக்குநர் பெயர் கடைசியில் வருவது வழக்கம். 1995இல் வந்த 'செவன்' படத்தின் எழுத்தோட்டத்தில் கைகள் மட்டும்தான் வேலை செய்யும், அதை வகுப்பில் காட்டியிருந்தார்களாம். பெடியனுக்கு என் கை ஞாபகம் வந்ததில் அதற்கும் பங்கிருக்கலாம்.

வெளிச்சம் இன்னொரு தலையிடி. டிசெம்பர் நடுவில் லண்டனில் பின்னேரம் நாலு மணிக்கு முதலே சூரியன் போய்விடும். மங்கல் வெளிச்சம் நெடுநேரம் நிற்காது. பஸ் தரிப்பிடக் காட்சிக்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் வேண்டும். தவறினால் அடுத்த சனிக்கிழமை. போலந்துப் பிள்ளை முதற் கிழமையே மணிக்கூட்டோடு போய் நின்று, எந்த நிமிடத்தில் தெருவிளக்கு எரிகிறது, எந்த பஸ் எப்போது வருகிறது என்று எழுதி வந்தாள். அந்தப் பிள்ளையின் அட்டவணையைப் பார்த்தால் பரீட்சைத் திணைக்களம் வெட்கப்படும். குசினிக்கு வெளிச்சம் பிரச்சினை இல்லை, ஆனால் சுவர் மணிக்கூடு பிரச்சினை. ஐந்து மணித்தியாலம் எடுத்த காட்சி படத்தில் ஒரு நிமிடம். மணிக்கூட்டை நாலு பத்தில் நிறுத்தி பற்றரியைக் கழற்றிவிட்டார்கள். இரண்டு நாள் நான் நேரம் தெரியாமல் சமைத்தேன்.

ஒலிக்கு என்னிடம் கேட்டார்கள், "அம்மம்மா, உங்களுக்கு எந்தச் சத்தம் பயம்?" அவர்கள் கதவு கிரீச்சிடுவது, இடி, வயலின் என்று எழுதி வைத்திருந்தார்கள். நாய் என்றேன். "குரைக்கிறதோ?" இல்லை. இரவில் ஒழுங்கையில் நாய் குரைத்துக்கொண்டிருக்கும். குரைக்கும் வரை பரவாயில்லை. சடாரென்று நிறுத்தும். அப்போதுதான் வீட்டில் எல்லாரும் விளக்கைத் தணிப்போம். உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்கு அவ்வளவுதான் சொன்னேன். போலந்துப் பிள்ளை பக்கத்து வீட்டு நாயைப் பதிவு செய்து, தட்டு அலுமாரிக்குள் போகும் கணத்தில் அதை வெட்டினாள். இசையே போடவில்லை. வெறும் குசினியின் சத்தத்தை அரை நிமிடம் தனியாகப் பதிவு செய்து அடியில் ஓட விட்டாள். குளிர்சாதனப் பெட்டியின் முனகல் இவ்வளவு பயங்கரம் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

படப்பிடிப்பைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. திட்டம் இருந்ததால் வேலை நடந்தது. ஒரு காட்சியைத் தவிர. தட்டை எடுக்கும் காட்சி பதினொரு முறை போனது. முதலில் வளையல் சத்தம் போட்டது, பிறகு விளக்கு விழுந்தது. அதன் பிறகு என் கை. மேசையில் ஐந்து தட்டு, சுவரில் எங்கள் சொந்தக் குடும்பப் படம், அதில் நான் துடைக்காமல் விட்ட முகம் என் பேத்தியின் முகம். எங்கள் ஊரில் ஒரு தட்டுக் குறைந்த வீடுகள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் ஒரு தட்டைக் கூடவே வைத்துவிட்டுப் பிறகு எடுத்து வைத்த தாய்மார் சிலரை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பதினோராவது முறை தட்டு மேசையில் இலேசாகத் தட்டியது, கை நடுங்கியது. "வெட்டு" என்று சொல்லாமல் அந்தப் பெடியன் கமராவை ஓட விட்டுக்கொண்டே நின்றான். பிறகு மெதுவாக, "இன்னொன்று வேண்டாம், இதுதான்" என்றான். மற்றவர்கள் அது நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள். அவன் தட்டவில்லை. தண்ணீர் கொண்டுவந்து தந்தான்.

படத்தை வகுப்பில் போட்ட அன்று யாரோ ஒரு பிள்ளை, "இனி உங்கட வீட்டில சாப்பிட மாட்டன்" என்று சொன்னதாம். பேத்திக்கு அதுதான் முதற் பரிசு. புள்ளி 100க்கு 86.

பிள்ளை, உடைந்த இரண்டு குழுவையும் உடனே ஒட்ட வைக்காதே. ஒவ்வொருவரையும் தனித்தனியே கூப்பிட்டு, உனக்கு என்ன வேலை தந்தார்கள், யார் தந்தார்கள் என்று மட்டும் கேள். "யார் சோம்பேறி?" என்று கேட்டால் நாலு பேரும் நாலு பெயர் சொல்வார்கள். பிறகு எனக்கு எழுது.

படத்தை இங்கே போடச் சொல்லிக் கேட்காதீங்கோ. நாலு பேரும் ஓம் என்றால்தான் போடலாம், ஒருவருக்கு இன்னும் விருப்பமில்லை. ஸ்டோரிபோர்டில் மூன்று தாளை மட்டும் பெடியனிடம் கேட்டு வாங்கிக் கீழே போட்டிருக்கிறேன். மூன்றாவதில் என் கைக்கு ஆறு விரல் இருக்கும். அவன் பஸ்ஸில் இருந்து கீறியது.